திருமலைராயன்பட்டினம்

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில் உள்ள கடலோர ஊர். காரைக்கால் மாவட்டத்துக் கொம்யூன்களுள், அதாவது உள்ளாட்சிப் பிரிவுகளுள், ஒன்று. பேச்சு வழக்கில் டி.ஆர். பட்டினம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே காவிரியின் கிளையாறுகள் சேர்த்த வண்டல் வயல்கள். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு.

ஊருக்குப் பெயர் தந்த திருமலைராயன், 15-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்டுச் சோழநாட்டை ஆண்ட சாளுவ மரபினர். அருகில் ஓடும் திருமலைராஜன் ஆறும் அவர் பெயரையே தாங்குகிறது. ஆனால் அவருடைய அவை இன்றும் பேசப்படுவது காளமேகப் புலவரால்தான். திருவரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்த வரதன் என்பவரே திருவானைக்காவில் அருள்பெற்றுக் காளமேகம் ஆனார் என்பது மரபு. அதிமதுரகவியின் தலைமையில் தண்டிகை (பல்லக்கு) மரியாதை பெற்ற அறுபத்துநான்கு புலவர்கள் வீற்றிருந்த அவையில் அவருக்கு இருக்கை தரப்படவில்லை. வாது எமகண்டம் வரை போயிற்று. கீழே கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, மேலே சங்கிலியில் தொங்கும் உறி, உடலைச் சுற்றிக் கத்திகள். அதில் அமர்ந்தபடி கேட்ட பொருளில் எல்லாம் உடனுக்குடன் பாடி வென்றார் என்பர். அப்போதும் உரிய மரியாதை கிடைக்காததால், ஊர் மண்மாரியால் அழியட்டும் என்று வசை பாடினாராம். அந்தப் பாடல் தனிப்பாடல் திரட்டில் இடம்பெற்று ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கரையோரப் பட்டினத்தை மணல் மூடுவதற்குப் புயலே போதும். ஒரு சாபத்தையே ஊரின் வரலாறாக எழுதிவருவது இவ்வூருக்கு இழைக்கும் அநியாயம்.

பிரெஞ்சுக்காரர் 1739-இல் காரைக்காலைப் பெற்றனர். தஞ்சை மராட்டியரிடமிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களும் படிப்படியாக அவர்கள் வசமாயின. பிரெஞ்சு ஆவணங்களில் இவ்வூர் ‘கிராந்த் ஆல்தே’, அதாவது பெரிய கிராமம். 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைக்கப்பட்டபோது காரைக்கால் பகுதிக்குக் கிடைத்த மூன்றில் இதுவும் ஒன்று. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது.

ஊரின் உயிர்ப்பை மாசி மகத்தன்று பார்க்க வேண்டும். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருள்வார். மீனவர் குலத்தில் பிறந்த பத்மினியை அவர் மணந்தார் என்பது ஐதிகம். ஆகவே பட்டினச்சேரி மீனவர்களுக்கு அவர் வீட்டு மாப்பிள்ளை. அந்த உரிமையோடு எதிர்கொண்டு அழைத்து, தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுசெல்வார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேழை திறந்து எடுக்கப்படும் ஆயிரங்காளியம்மனுக்கோ பழமானாலும் பலகாரமானாலும் ஒவ்வொன்றிலும் ஆயிரம் வைத்துப் படைப்பது வழக்கம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையோரத்தைக் கடுமையாகத் தாக்கியது. புதுச்சேரி மின்திறல் கழகத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இங்கு உள்ளது. கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகம் 2023-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.