ஒளிபரப்பாகாத கெளுத்தி

போன வாரம் போக்கிமான் பற்றிப் பேசினப்போ, ஒளிபரப்பாகாமலே போன ஒரு எபிசோட் இருக்குன்னு சொல்லி நிறுத்தியிருந்தேன். இன்னிக்கு அதிலிருந்து தொடங்கறேன். கொஞ்ச நேரத்தில் கடலூருக்கு வந்துடுவோம், பொறுத்துக்குங்க.

போக்கிமானில் பார்போச்னு ஒரு மீன் உண்டு. நம்ம அயிரை மாதிரி. பழக்கி 30வது லெவலுக்குக் கொண்டுபோனா விஸ்கேஷா மாறும். அது மீசை வச்ச கெளுத்தி. அயிரை எப்படிக் கெளுத்தியாகும்னு நம்மூர் மீன்காரம்மா சிரிப்பாங்க, அது வேற விஷயம். இந்த விஸ்கேஷுக்கு நிலத்தை நடுங்க வைக்கிற சக்தி இருக்கு. அதுக்குப் பின்னால் பழைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. பூமிக்கு அடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி படுத்திருக்கிறது. காஷிமா கோயில் சாமி அதைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறார். அவர் அசந்தால் அது புரளும், பூகம்பம் வரும். 1855இல் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, குலுங்கியபோது கெளுத்திப் படங்களை அச்சடித்து விற்றார்கள். சாமிகள் எல்லாம் வருடாந்தரக் கூட்டத்துக்கு வேற ஊர் போயிருந்த மாசம் அது, அதான் கெளுத்தி ஆடிடுச்சுன்னு பேச்சு.

2004 நவம்பர் 4 அன்று, நடுங்கும் தீவில் பார்போச்சும் விஸ்கேஷும் மோதுகிற எபிசோட் வரவேண்டியது. அக்டோபர் 23இல் நீகாட்டா பகுதியில் நிஜமான பூகம்பம். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். எபிசோடை ஒதுக்கி வைத்தார்கள், இன்றுவரை ஒளிபரப்பவில்லை.

அது நடந்து சுமார் இரண்டு மாசம். டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலடியில் 9.1 அளவில் பூகம்பம். கடலூருக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரம் ஆச்சு. அந்த இரண்டு மணி நேரத்தில் தேவனாம்பட்டினத்துக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே அப்போ கிடையாது. ஹைதராபாத் மையம் தொடங்கினது 2007இல்தான். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனாங்க.

நம்மகிட்ட இதைப் பற்றிக் கதையே இல்லைன்னு சொல்ல முடியாது. சிதம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற புகாரைக் கடல் கொண்டது மணிமேகலையில் வருது. காரணத்தைப் பாருங்க: சோழன் காணாமப்போன மகனைத் தேடி, இந்திர விழா எடுக்க மறந்துட்டான். அங்கே சாமி ஊர்ல இல்ல, இங்கே சாமிக்கு விழா இல்ல! 'கடல்கோள்'னு சொல்லே தமிழ்ல இருக்கு. இறையனார் அகப்பொருள் உரையில் சங்கம் இருந்த ஊர்களையே கடல் விழுங்குது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிச்சவங்களுக்கு அது தேர்வுக் கேள்வி. அந்தச் சொல் சில மைல் தள்ளி இருக்கிற மீனவ ஊர்களுக்கு ஒரு எச்சரிக்கையாகப் போய்ச் சேரவே இல்லை. ஜப்பான்ல 1923 பூகம்பத்தின் நினைவா ஒவ்வொரு செப்டம்பர் 1ஆம் தேதியும் பயிற்சி எடுக்கிறாங்க. கெளுத்திக் கதையோட சேர்த்து, என்ன செய்யணும்ங்கிறதும் பிள்ளைகளுக்குத் தெரியும். நாம கடல்கோளைத் தமிழின் வயசைக் காட்டுறதுக்கு மட்டும் வச்சுக்கிட்டோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கல.

அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கு. அங்கேயிருந்து 18 மீனவ ஊர்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். பிச்சாவரம் காடு காப்பாத்திச்சுன்னு நாம சொல்றதுக்கு இது ஒரு முக்கிய ஆதாரம். ஆனா 2006இல் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதே பெரும்பாலும் முடிவு செய்தது என்றார்கள். காடு வேண்டாம்னு அர்த்தமில்லை. காடு இருக்குன்னு நம்பி அலையோரத்தில் வீடு கட்டாதேன்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு. 'சுனாமி' ஜப்பானியச் சொல்: சு துறைமுகம், நாமி அலை. ஆழ்கடல்ல இருந்தவனுக்கு ஒண்ணும் தெரியாது, கரைக்குத் திரும்பினா துறை இருக்காது, அதனால் அந்தப் பேர். அன்னிக்கு நம்ம கட்டுமரக்காரங்களுக்கும் அப்படித்தான் ஆச்சு. பத்திரிகைகள் ஆழிப்பேரலைன்னு எழுதிப் பார்த்தாங்க. கரையில் அது ஒட்டல. அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குப் பேர் கேட்டா, சுனாமிக் குடியிருப்புன்னுதான் சொல்றாங்க.