பிரித்தானிய ஜாஸ்: ஓர் ஆசிரியரின் செவிவழிப் பாடம்



ஜாஸ் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் நாடு அமெரிக்கா. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2001ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, இசைக்கல்வி விரிவுரையாளர் ஒருவர் ஒரு குறுந்தட்டை இரவல் தந்தார். சாக்சபோன் கலைஞர் ஜோ ஹேரியட் 1960இல் லண்டனில் பதிவு செய்த 'ஃபிரீ ஃபார்ம்' அது. முதல்முறை கேட்டபோது ஒன்றுமே விளங்கவில்லை. தாளம் திடீரென நின்றது. ஒரு கருவி ஓய, மற்றொன்று எங்கிருந்தோ புறப்பட்டது. மூன்றாம் முறை கேட்டபோதுதான் புரிந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் செவிசாய்த்து உரையாடிக்கொண்டிருந்தார்கள்!

அதன்பின் அவ்விசையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1919இல் அமெரிக்க ஜாஸ் குழு ஒன்று லண்டனுக்கு வந்து வாசித்தது. ஆனால் 1935 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இசைஞர் சங்கப் பிணக்கினால் அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வாசிப்பது அரிதாயிற்று. எனவே பிரித்தானிய இளைஞர்களுக்கு இசைத்தட்டுகளே ஆசான்களாயின. நியூயார்க் இசையை நேரில் கேட்பதற்காகவே ரோனி ஸ்காட் போன்றோர் அட்லாண்டிக் கப்பல்களின் இசைக்குழுக்களில் வேலைக்குச் சேர்ந்தனர். கற்க வேண்டுமென்ற தாகம் இருந்தால் கடலும் தடையாகுமா? அதே ரோனி ஸ்காட் 1959இல் லண்டனின் ஜெரார்டு தெருவில் ஒரு ஜாஸ் அரங்கைத் தொடங்கினார். 1965இல் அது ஃபிரித் தெருவுக்கு இடம் மாறியது.

ஹேரியட்டின் கதை வேறு. 1928இல் ஜமைக்காவில் பிறந்த அவர், கிங்ஸ்டனில் கன்னியர் நடத்திய ஆல்பா ஆண்கள் பள்ளியில் வளர்ந்து, அங்கேயே இசை கற்றார். 1951இல் பிரிட்டனுக்கு வந்தார். முதலில் அமெரிக்கப் பாணியில் வாசித்தவர், பின்னர் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டார். கல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞர் ஜான் மேயருடன் இணைந்து, சித்தாரும் தபலாவும் சாக்சபோனுடன் கலந்தொலிக்கும் 'இண்டோ ஜாஸ் சூட்' என்ற இசைத்தட்டை 1966இல் வழங்கினார். எனினும் இறுதி ஆண்டுகளில் வாய்ப்புகள் குறைந்து, வறுமையில் வாடி, 1973இல் தம் 44ஆம் வயதில் மறைந்தார். இன்று முன்னோடி எனப் போற்றப்படுபவரை அன்று போதிய செவிகள் கேட்கவில்லை.

2017ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் லண்டன் சென்றபோது, ஃபிரித் தெரு அரங்கில் அமரும் பேறு எனக்குக் கிட்டியது. மங்கலான மேசை விளக்குகள்; கைக்கெட்டும் தூரத்தில் மேடை. இளைஞர் ஒருவர் வாசிக்க, மூத்த கலைஞர் தம் கருவியை இறக்கிவிட்டுக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். குறுந்தட்டில் எனக்குக் கிடைக்காத காட்சி அது.

அக்கணம் என் மாணவன் ஒருவன் நினைவில் வந்தான். செய்யுள் ஒப்புவிக்கும் போட்டிக்கான பயிற்சியில், வகுப்பில் சொல்லிக்கொடுத்த மெட்டை விட்டுத் தானாக ஒரு மெட்டில் பாடினான். "சொல்லிக் கொடுத்தபடி பாடு" என்று அதட்டினேன். பிறகு அவன் சரியாகப் பாடினான். ஆனால் ஒருபோதும் விரும்பிப் பாடவில்லை. அவன் மெட்டு எப்படி இருந்தது என்பதுகூட எனக்கு இன்று நினைவில்லை.

1991இல் கேரி கிராஸ்பியும் ஜெனின் ஐரன்ஸும் லண்டனில் 'டுமாரோஸ் வாரியர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, இளையோருக்கு ஜாஸ் பயிற்சி அளித்து வந்தனர். அங்குச் சந்தித்த இளைஞர்கள் உருவாக்கிய 'எஸ்ரா கலெக்டிவ்' குழு, 2023இல் மெர்குரி பரிசை வென்றது. அப்பரிசு பெற்ற முதல் ஜாஸ் குழு அதுவே.

அடிப்படையைச் செம்மையாகக் கற்பிப்பது நம் கடமை. அதன்பின் பிள்ளை தன் மெட்டைத் தொடங்கும்போது, அந்த மூத்த கலைஞரைப் போல் சற்றுநேரம் நம் கருவியை இறக்கி வைத்துக் கேட்போமே!