கடைச் சுவருக்கு என்ன நிறம்? காஞ்சிபுரத்தின் வண்ணக் கதை



பட்டுக்கடை நடத்தும் என் மாணவர் ஒருவர், "சார், கடைக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கணும், எந்தக் கலர் நல்லா இருக்கும்?" என்று கேட்டு வண்ண அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. உங்களுக்கும் பயன்படும் என்று இங்கே இடுகிறேன்.

நம் ஊரில் சுவருக்கு வண்ணம் பூசும் வழக்கத்துக்கு வயது ஏறக்குறைய 1300. இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலை இன்று மணற்கல் நிறத்தில் பார்க்கிறோம். அன்று அப்படி இல்லை. கல்லின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் ஓவியம். திருச்சுற்றுச் சிற்றறைகளில் எஞ்சியிருந்த அந்த ஓவியங்களை 1931இல் கண்டறிந்து சொன்னவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய்.

கோயில் மதிலுக்குக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக வந்தன. வீட்டுக்கும் கடைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. என் சிறு வயதில் பொங்கலுக்கு முன் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு வஜ்ஜிரமும் பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலமும் கலப்பார்கள். நார் மட்டையால் அடிப்பார்கள். அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. எட்டாம் வகுப்பில் சுண்ணாம்பு நீர் பால்போல் மாறியது நினைவிருக்கிறதா? அதே பாடம்தான்.

பிறகு சிமென்ட் பெயின்ட் வந்தது. 'ஸ்நோசெம்' என்ற ஒரு கம்பெனிப் பெயரே அந்தப் பொருளுக்குப் பெயராகிவிட்டது. 1942இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸுக்கு, 1954இல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த 'கட்டு' என்ற குறும்புச் சிறுவன் விளம்பர முகமானான். அந்தக் கம்பெனியின் ஆலை 2005இல் நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூருக்கே வந்தது. மட்டையும் வாளியும் போய், ஆயிரக்கணக்கான நிறங்கள் கொண்ட அட்டை வந்தது. குழப்பமும் கூடவே வந்தது.

வணிகத்துக்கும் சுவர் நிறத்துக்கும் தொடர்பு உண்டா? ஜெய்ப்பூரைப் பாருங்கள். 1876இல் இங்கிலாந்து இளவரசர் வருகைக்காக மகாராஜா இராம்சிங் நகரத்துக்கு இளஞ்சிவப்பு பூசச் செய்தார். அந்த நிறமே இன்று ஊரின் பெயராகி, கடைவீதிக்குக் கூட்டத்தைக் கொண்டுவருகிறது.

நமக்கு அப்படி ஒரே நிறம் வேண்டாம். நம் அழகு கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, கிளிப்பச்சை, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பெயரால் வழங்கும் 'எம்.எஸ். புளூ' என்று நிறங்களுக்கே பெயர் வைத்த ஊர் இது. எனவே என் மாணவருக்கு நான் சொன்னவை:

1. சுவரின் பெரும்பரப்பு சந்தன வெள்ளையாக இருக்கட்டும். கரைபோல் தூணுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் அரக்கு போதும்.

2. சேலை வாங்குபவர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார். வாசல் சுவர் அடர்பச்சையாக இருந்தால் அந்தச் சாயல் பட்டின்மேல் விழும். சிவப்பு மங்கித் தெரியும். வீட்டுக்குப் போனபின் "கடையில் பார்த்த நிறம் இல்லையே" என்பார். பட்டுக்கடையில் வெள்ளைச் சுவரும் நாணயத்தின் ஒரு பகுதி.

3. மேற்கு வெயில் படும் சுவருக்கு அடர் நிறம் வேண்டாம். சூட்டை உள்ளே இழுக்கும்.

4. அண்ணா பிறந்த ஊரில் கொடி நிறங்களை எல்லோரும் அறிவார்கள். எந்தக் கட்சிக் கொடியின் சேர்க்கையும் கடைமேல் வரக் கூடாது.

5. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் இருக்கும்போது எமல்ஷன் அடித்தால் கொப்பளித்து உரியும். முதலில் ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பழைய கடைகளின் முகப்பில் சுதையில் எழுதிய பெயரும் ஆண்டும் இருக்கும். உங்கள் தாத்தா வட்டிக்கு வாங்கிக் கட்டிய கடையாக இருக்கலாம். அதைப் பளபளக்கும் தகடு போட்டு மறைத்துவிடாதீர்கள். எழுத்தின்மேல் மட்டும் வேறு நிறம் தீட்டுங்கள். தெருவில் போகிற பிள்ளைகள் படிக்கட்டும்.

உங்கள் கடை முகப்பில் என்ன ஆண்டு எழுதியிருக்கிறது? பார்த்துக் கீழே எழுதுங்கள். படமும் போடுங்கள்.