சூப்பர் ஹீரோ வீடியோ கேம்

அமெரிக்க காமிக்ஸ் இதழ்களில் பிறந்த அதிசக்தி நாயகர்களை ஆட்டக்காரரின் கையில் ஒப்படைக்கும் வீடியோ கேம் வகை. இதற்குப் பிறவியிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஆட்டம் என்றால் தோற்க வழி இருக்க வேண்டும். சூப்பர் ஹீரோ என்றால் லேசில் தோற்கக் கூடாது. குண்டு துளைக்காத உடம்போடு பறந்து திரிகிறவன் எதற்கு அஞ்சுவான்? அந்தக் கேள்விக்கு எந்த ஆட்டம் என்ன விடை சொன்னது என்பதுதான் ஏறக்குறைய இவ்வகையின் வரலாறு.

தொடக்கம்

1979இல் அட்டாரி 2600 கருவிக்கு வந்த ‘சூப்பர்மேன்’ ஆட்டத்திலிருந்து கணக்கைத் தொடங்குவது வழக்கம். சூப்பர்மேனை வைத்திருந்த டிசி காமிக்ஸும், கருவியைத் தயாரித்த அட்டாரியும் அப்போது வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தன. 1978 டிசம்பரில் திரைக்கு வந்த கிறிஸ்டோபர் ரீவ் படமும் வார்னருடையதே. ஆட்டத்தை எழுதிய ஜான் டன், சக நிரலாளர் வாரன் ராபினெட் ‘அட்வென்ச்சர்’ ஆட்டத்துக்காக எழுதிக்கொண்டிருந்த நிரலை அடித்தளமாக எடுத்துக்கொண்டார்.

வில்லன் லெக்ஸ் லூதர் பாலத்தைத் தகர்க்கிறான். கிளார்க் கென்ட் டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து சூப்பர்மேனாக வெளிவந்து, பாலத்தின் 3 துண்டுகளைத் தேடிப் பொருத்தி, லூதரையும் கூட்டாளிகளையும் சிறையில் அடைத்து, மறுபடி கிளார்க்காக மாறி டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். இதில் சூப்பர்மேன் சாவதே இல்லை. கிரிப்டோனைட் பட்டால் பறக்கும் சக்தி போய்விடும். லோயிஸ் லேனைச் சந்திக்கும்வரை நடந்துதான் ஆக வேண்டும். புள்ளிக் கணக்கும் கிடையாது. திரையின் மேலே ஓடும் கடிகாரம்தான் எதிரி. சாகாத நாயகனுக்குச் சாவைக் காட்டி என்ன பயன், அவனைத் தாமதப்படுத்தினால் போதும் என்ற இந்த யோசனை, இன்று பார்க்கும்போதும் வியப்பளிக்கிறது. பின்னால் வந்த பல ஆட்டங்கள் இந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை.

1982இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஸ்பைடர்மேன்’ மார்வெல் பாத்திரம் தோன்றிய முதல் வீடியோ கேம். இதை வடிவமைத்தவர் லாரா நிகோலிச். உயரமான கட்டடச் சுவரில் வலைநூலை எறிந்து எறிந்து மேலே ஏற வேண்டும், முக்கிய வேலை அதுதான். ஆனால் வலைத்திரவத்துக்கு அளவு உண்டு. நூல் அறுந்தால் விழுவீர்கள். விழும்போதே இன்னொரு நூலை எறிந்து பிடித்துக்கொண்டால் பிழைப்பீர்கள். அந்த நொடிநேரப் பதற்றத்தை ஸ்பைடர்மேன் ஆட்டங்கள் இன்றுவரை கைவிடவில்லை.

பிரிட்டனில் ஓஷன் நிறுவனத்துக்காக ஜான் ரிட்மனும் ஓவியர் பெர்னி டிரம்மண்டும் 1986இல் உருவாக்கிய ‘பேட்மேன்’ வேறு வழியில் போனது. நாயகனின் சாமான்களை முதலில் பறித்துவிட்டார்கள். பூட்ஸ் கிடைக்கும்வரை இந்த பேட்மேனால் குதிக்கக்கூட முடியாது. சக்தியைப் பிடுங்கிக்கொண்டு தவணை முறையில் திருப்பித் தரும் இந்த உத்தி இன்றும் எல்லோருக்கும் கைகொடுக்கிறது.

ஆர்கேட் காலம்

1990களில் நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்கள் இவ்வகையை ஆண்டன. கோனாமியின் ‘எக்ஸ்-மென்’ (1992) 2 திரைகளை ஒட்டவைத்த அகலமான பெட்டியில் 6 பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடக்கூடியது. சிறப்புச் சக்தியைப் பிரயோகித்தால் ஆட்டக்காரரின் மிஞ்சிய உயிரைக் காட்டும் உயிர்க்கோட்டிலிருந்தே ஒரு பங்கு குறையும். நாணயம் விழ வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும், சக்திக்கு விலை உண்டு என்ற காமிக்ஸ் நீதியும் இங்கே அழகாகப் பொருந்திப்போயின. கேப்காம் 1994இல் ‘சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்’ மூலம் எக்ஸ்-மென்னைச் சண்டை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2000இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’இல் 56 பாத்திரங்கள். இருபுறமும் சூப்பர் ஹீரோக்களே நின்றால் யார் பலசாலி என்ற சிக்கலே எழாது.

இரண்டு மூடுபனிகள்

1999இல் நின்டெண்டோ 64 கருவிக்கு டைட்டஸ் நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர்மேன்’, மோசமான வீடியோ கேம்களின் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுவது. காற்றில் மிதக்கும் வளையங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து பறக்க வேண்டும். நேரம் தப்பினால் தோல்வி. 20 ஆண்டுகளுக்கு முன் ஜான் டன் பயன்படுத்திய அதே கடிகாரம்தான், ஆனால் அங்கே நகரத்தில் எங்கு போவது என்று ஆடுபவர் முடிவு செய்தார். இங்கே வளையம் முடிவு செய்கிறது. தூரத்துக் கட்டடங்களை வரையக் கருவியால் இயலாததால் ஊரையே பச்சை மூடுபனி மறைத்தது. அதைக் கிரிப்டோனைட் பனி என்று கதை கட்டினார்கள்.

அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷனுக்கு நெவர்சாஃப்ட் செய்த ‘ஸ்பைடர்மேன்’ (2000) இதே இக்கட்டில் மாட்டி, இதே சாக்கைத்தான் சொன்னது. தெருக்களைக் கருவியால் வரைய முடியாது. எனவே வில்லன் நச்சுப்புகையால் தெருக்களை மூடிவிட்டான் என்றது கதை. ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. மாடிக்கு மாடி தாவுவதும் சுவரில் ஊர்வதும் அவ்வளவு சுகமாக இருந்தன. டோனி ஹாக் ஸ்கேட்போர்டு ஆட்டத்துக்காக அவர்களே செய்த எஞ்சின்தான் இதற்குள்ளும் ஓடியது. கதைசொல்லியின் குரல் ஸ்டான் லீயுடையது.

ஊஞ்சல்

நெவர்சாஃப்ட் ஆட்டத்தில் ஒரு குறை இருந்தது. ஸ்பைடர்மேனின் வலைநூல் வானத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டது. 2004இல் ட்ரேயார்க் ஸ்டுடியோவின் ‘ஸ்பைடர்மேன் 2’ அதைத் தீர்த்தது. ஜேமி ஃபிரிஸ்ட்ரம் முன்னின்று வடிவமைத்த முறையில், நூல் உண்மையான கட்டடத்தில் ஒட்டினால்தான் ஊஞ்சல். எந்தச் சுவரில் ஒட்டியது, நூல் எவ்வளவு நீளம், எந்த வேகத்தில் விட்டீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வீச்சு மாறும். கட்டடம் குறைந்த சென்ட்ரல் பார்க் பக்கம் போனால் வேகம் செத்துவிடும்.

ஆட்டத்தின் மற்ற பகுதிகள் சுமார்தான். பலூனைத் தொலைத்து அழும் பிள்ளைகள், பீட்சா விநியோகம் என்று ஒரே வேலைகள் திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் எந்த வேலையும் இல்லாமல் மன்ஹாட்டனைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடியவர்கள் உண்டு. சிறந்த சூப்பர் ஹீரோ ஆட்டத்துக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது: வில்லனே இல்லாதபோதும் நாயகனாக இருப்பது சுகமாக இருக்கிறதா?

ரேடிகல் எண்டர்டெயின்மென்ட் செய்த ‘ஹல்க்: அல்டிமேட் டிஸ்ட்ரக்‌ஷன்’ (2005) இந்த உரைகலில் தேறும். ஹல்க் குதித்து இறங்கும் இடத்தில் சாலை பிளக்கும். காரை இரண்டாகக் கிழித்து இரும்புக் கையுறையாக மாட்டிக்கொள்ளலாம். 2006இல் இஏ டைபூரான் தந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ தேறாது. அதன் அடிப்படை யோசனை என்னவோ பிரமாதம்: உயிர்க்கோடு சூப்பர்மேனுக்கு இல்லை, மெட்ரோபோலிஸ் நகரத்துக்கு. ஊர் சிதைந்தால் நீங்கள் தோற்றீர்கள். அந்த யோசனையைச் சுமக்கும் அளவுக்கு உயிருள்ள நகரத்தை அவர்களால் கட்ட முடியவில்லை. இறுதி எதிரியாக ஒரு சூறாவளிக் காற்று வந்து ஆட்டத்தை முடித்துவைத்தது.

ஆர்க்கம்

லண்டனின் ராக்ஸ்டெடி ஸ்டுடியோ ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ ஆட்டத்தை 2009இல் வெளியிட்டபோது அதன் கையில் அதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. இயக்குநர் செஃப்டன் ஹில். கதை பால் டினி. பேட்மேனுக்குக் கெவின் கான்ராயும் ஜோக்கருக்கு மார்க் ஹாமிலும் குரல் கொடுத்தார்கள். டினி, கான்ராய், ஹாமில் மூவரும் 1990களின் பேட்மேன் அனிமேஷன் தொடரில் பணியாற்றியவர்கள். அந்தக் கோடையில் ஒட்டிக்கொள்ளப் படம் எதுவும் இல்லாமல், படத்துக்கு இணையாக ஆட்டத்தை அவசரமாகச் சமைக்கும் வழக்கத்திலிருந்து இது தப்பியது.

சண்டைக்கு அடிக்க ஒரு பட்டன், தடுக்க ஒரு பட்டன். அடிக்க வருகிறவன் தலைமேல் குறி மின்னும்; அந்த நொடியில் தடுத்து, தாளம் தவறாமல் அடுத்தவனுக்குத் தாவ வேண்டும். கண்டபடி பட்டனை அமுக்கினால் தாளம் அறுந்துவிடும். பேட்மேன் தோற்பது பலமின்மையால் அல்ல, நிதானம் இழந்ததால் என்று ஆட்டம் சொல்லாமல் சொல்கிறது. துப்பாக்கிக்காரர்கள் உள்ள அறைகளில் கதை வேறு. பேட்மேன் குண்டுக்குச் சாகிறவர். ஆகவே கூரைச் சிற்பங்களின்மேல் பதுங்கி, ஒவ்வொருவனாகத் தூக்க வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய மிஞ்சியவர்கள் வெலவெலத்து நிழலைக்கூடச் சுடுவார்கள். அதுவரை ஆட்டக்காரரைப் பயமுறுத்துவதுதான் திகில் ஆட்டங்களின் தொழில். இங்கே பயமே ஆட்டக்காரரின் ஆயுதம்.

‘ஆர்க்கம் சிட்டி’ (2011) இதைத் தெருக்களுக்கு விரித்தது. ‘ஆர்க்கம் நைட்’ (2015) பேட்மேனின் காரான பேட்மொபைலைப் பீரங்கி வண்டியாக்கி அளவுக்கு மேல் ஓட்டவைத்தது. அதன் கணினிப் பதிப்பு கோளாறுகளால் சில மாதங்கள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. இன்சோம்னியாக் ஸ்டுடியோவின் ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ (2018) 2004இன் ஊஞ்சலையும் ஆர்க்கமின் சண்டைத் தாளத்தையும் சேர்த்துப் பிசைந்து, முதல் 3 நாள்களில் 33 லட்சம் பிரதிகள் விற்றது.

பின்னர்

அடுத்த சறுக்கலுக்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, வியாபார முறை. கிரிஸ்டல் டைனமிக்ஸின் ‘மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்’ (2020) ஆண்டுக்கணக்கில் ஆடவைக்கத் திட்டமிட்டு, தோரிடமும் ஹல்க்கிடமும் உதிரிபாகங்களைப் பொறுக்கச் சொன்னது. 2023 செப்டம்பரில் விற்பனையே நிறுத்தப்பட்டது. ராக்ஸ்டெடியின் ‘சூசைட் ஸ்குவாட்’ (2024) அதே பாதையில் போய், தாய் நிறுவனத்துக்கு 20 கோடி டாலர் இழப்பைப் பதிவு செய்யவைத்தது. அதில் வரும் மனிதச் சுறாவின் கையிலேயே இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால், அவன் சுறாவாக இருந்து என்ன பயன்?

2024 டிசம்பரில் நெட்ஈஸ் இலவசமாக வெளியிட்ட ‘மார்வெல் ரைவல்ஸ்’ 6க்கு 6 பேர் மோதும் அணி ஆட்டம். தொடக்கத்திலேயே 33 பாத்திரங்கள். வெளியானபோது இதில் ராக்கெட் ரக்கூன் குரூட்டின் தோளில் ஏறிக்கொள்ள முடிந்தது, ஹல்க் வுல்வரினைத் தூக்கி எதிரிகள்மீது வீச முடிந்தது. காமிக்ஸில் அப்படி வீசுகிறவன் கொலோசஸ். அவனும் வுல்வரினும் 1992ஆம் ஆண்டின் ‘எக்ஸ்-மென்’ ஆர்கேட் பெட்டியிலேயே பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். ஒருவரை ஒருவர் தூக்கி எறிய அன்று பட்டன் இல்லை.