உண்டைவில்

இராமன் காடேகக் காரணமான கூனிக்கு அவன்மேல் என்ன கோபம்? கம்பர் அதற்கு ஒரு விளையாட்டுச் சாமானைக் காரணமாகக் காட்டுகிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இராமன் வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் முதுகில் அடித்தான். அந்த அடியை அவள் மறக்கவில்லை. வால்மீகியில் இந்தச் சேதி கிடையாது. தமிழிலோ கம்பருக்கு முன்பே இது வழங்கிய கதை. திருமழிசையாழ்வார் பாடியிருக்கிறார். நம்மாழ்வார் திருவாய்மொழியில் கருவியின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்: உண்டைவில். அடித்தவனை அவர் ‘கோவிந்தா’ என்று விளிப்பதால், சேட்டை இராமனுடையதா கண்ணனுடையதா என்று உரைகாரர்களுக்குப் பேச நல்ல இடம் கிடைத்தது.

உண்டை என்றால் உருண்டை. உண்டைவில்லுக்கு அம்பு கிடையாது. வளைத்த கழியில் ஒரு நாணுக்குப் பதிலாக இரண்டு நாண்கள் இணையாக ஓடும். நடுவில் அவற்றைச் சேர்த்து ஒரு சிறு தோல்துண்டோ பின்னலோ இருக்கும். காய்ந்த களிமண் உருண்டையை அதில் வைத்து, இரண்டு நாண்களையும் சேர்த்து இழுத்து விடுவார்கள். விடுகிற நொடியில் வில் பிடித்த கையைச் சற்றே திருப்பிக்கொள்ளத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உண்டை தன் கட்டைவிரலிலேயே வந்து விழும். கூனியின் முதுகைக் குறி தவறாமல் அடித்த பிள்ளைக்கு இந்தப் பழக்கம் நன்றாகவே இருந்திருக்க வேண்டும்.

இன்று ‘உண்டிவில்’ என்று சொன்னால் யாருக்கும் இந்தக் கருவி நினைவுக்கு வராது. கவையாகப் பிரிந்த கொய்யாக் கிளை, இரண்டு ரப்பர் பட்டை, ஒரு தோல்துண்டு, அதுதான் உண்டிவில். சில ஊர்களில் உண்டிகோல், சில ஊர்களில் கவட்டை. உண்டை தேய்ந்து உண்டியாகிவிட்டதால் சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பவர்களும் உண்டு. ஓர் உறவும் இல்லை.

இந்தப் பொருளுக்கு வயது அதிகமில்லை. ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றது 1844இல். குளிரில் விறைக்காத, வெயிலில் இளகாத ரப்பர் பட்டை அதற்குப் பிறகுதான் சிறுவர் கைக்கு வந்தது. கவட்டையில் மரம் வளைவதே இல்லை, வேலையெல்லாம் ரப்பருடையது. ஆக, வில்லில் வில்லாக இருந்த பாகம் போய்விட்டது, பெயர் மட்டும் இடம் மாறிப் புதுப்பொருளில் உட்கார்ந்துகொண்டது. தோல்துண்டும் இரட்டை இழுப்பும் அப்படியே தொடர்ந்ததால் மக்களுக்கு இது பழைய கருவியின் இன்னொரு வகையாகவே தோன்றியிருக்க வேண்டும். வடக்கே ‘குலேல்’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான்: முன்பு மண்ணுருண்டை எறியும் வில், இப்போது ரப்பர் கவட்டை. ஈழத்தில் பொருளோடு ஆங்கிலப் பெயரையும் வாங்கிக் கெற்றப்போல் என்றார்கள். கணக்கு அங்கே நேராக இருக்கிறது. தினைப்புனத்தில் வள்ளி சுழற்றிய கவண் இவற்றில் சேராது. அது தலைக்குமேல் சுற்றி எறிகிற கயிறு.

வில் என்ற சொல்லோ அசையாமல் நிற்கிறது. மலையாளத்திலும் தெலுங்கிலும் வில்லு, கன்னடத்தில் பில்லு, பலுசிஸ்தானத்துப் பிராகுயியில் பில். தமிழ் இதை இரண்டு வழியில் விரித்துக்கொண்டது. வளைவைப் பார்த்து வானவில் என்றது. கன்னடத்தார் அதையே காமனின் வில் என்கிறார்கள். இன்னொரு வழி, அமுக்கினால் திரும்பி எழும் விசை. அடியில் இரும்புப் பட்டை வைத்த மாட்டு வண்டி வில்வண்டியானது அப்படித்தான். இலங்கைப் பாடநூல்களில் சுருள்கம்பித் தராசுக்குப் பெயர் விற்றராசு. வில்லவன் என்றால் விற்கொடி பிடித்த சேரன். சினிமா வில்லன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன்; ஆங்கிலக் கப்பலில் வந்திறங்கியவன்.

ஒரு பிள்ளைக்கு வில் செய்யப் புறப்பட்டால் பழைய நூல்களிலேயே பொருட்பட்டியல் கிடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் உள்ளே துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி வில்யாழ் செய்கிறான். அவன் செய்தது இசைக்கருவிதான், ஆனால் வேலை வில் செய்கிற வேலை. மரல் நாருக்கு நாணாகும் வலு உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் செடிக்கு வில்நாண் சணல் என்ற பொருளிலேயே பெயர்.

இன்றைக்கு மூங்கில் பிளாச்சு போதும். பிள்ளையின் உயரத்துக்கோ சற்றுக் குறைவாகவோ நறுக்கி, பச்சைப் பட்டை இலக்கைப் பார்த்து இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்குண்ணும். மூங்கிலில் இழுப்பைத் தாங்கும் நார் பட்டையை ஒட்டித்தான் அடர்ந்திருக்கிறது. ஆகவே பட்டையில் கத்தி படக்கூடாது. செதுக்குவதெல்லாம் உள்பக்கத்தில், நடுவில் கனம், நுனிக்குப் போகப்போக மெலிவு. வில்லின் இரண்டு பாதியும் ஒரே அளவு வளைகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவ வேண்டும். அவசரக்காரர் வில் இங்கேதான் ஒடியும். நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்குக் குதை என்று பெயர். அதில் மட்டும் பட்டையின் ஓரம் லேசாக வெட்டுப்படலாம். ஞாண் என்றாலும் நாண் என்றாலும் ஒன்றே; பிள்ளையின் இடுப்பில் கிடக்கும் அரைஞாணும் அதே சொல்தான், அரை என்பது இடுப்பு. ஆறேழு வயதுக்கு நாலைந்து கிலோ இழுப்பே அதிகம். அம்பு முனையில் துணி சுற்றி மொட்டையாக்கிவிடுங்கள். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட விடாதீர்கள். போக வழியில்லாத விசை முழுக்கக் கழியில் இறங்கிப் பிளந்துவிடும்.

கவட்டைக்குக் கவட்டை என்ற பெயரே பொருத்தம். அதன் உருவம் அதில் இருக்கிறது. உண்டைவில்லை ஆழ்வார் சொன்ன கருவிக்கே விட்டுவிடலாம். பாசுரங்களுக்கு இனிமேல் உரை அச்சிடுபவர்கள் அந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பாவது போட வேண்டும்: வளைந்த கழி, இரண்டு நாண், நடுவில் தோல்துண்டு, களிமண் உருண்டை. ரப்பர் கிடையாது.