மதிப்பெண்ணும் மாணவனும்

யூபிலி மலரில் கல்லூரியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். நம் பங்குப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்திலேயே கல்லூரி கண்ட முதல் தலைமுறையினர். விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்கு?" என்று கேட்கும் நாம், "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க மறந்துவிடுகிறோம். இவ்விரு கேள்விகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு.

நாகையிலிருந்து திருச்சிக்கு

இயேசு சபைக் குருக்கள் 1844-ல் நாகப்பட்டினத்தில் நிறுவிய தூய வளனார் கல்லூரி, 1866-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1883-ல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. 1857-ல் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு எழுந்த சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே விளங்கிற்று. கற்பித்தவர் ஒருவர், விடைத்தாளைத் திருத்தியவர் முகமறியாத வேறொருவர். இம்முறையில் நடுநிலை இருந்தது. ஆனால் மாணவன் யார், அவன் எங்கே இடறினான் என்பது திருத்தியவருக்குத் தெரியாது.

விடுதியில் கிடைத்த ஆதரவு

தேர்வுத்தாளில் அடங்காத வளர்ச்சியைக் குருக்கள் விடுதியில் பேணினர். 1950-ல் இராமேசுவரத்திலிருந்து அக்கல்லூரிக்கு வந்தார் ஓர் இஸ்லாமிய மாணவர். அவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். விடுதிக் காப்பாளர் தந்தை செக்குவேரா இரவுதோறும் கையில் விவிலியத்துடன் ஒவ்வொரு மாணவரையும் கண்டு செல்வார் என்றும், தீபாவளியன்று அறைதோறும் நல்லெண்ணெய் வழங்கச் செய்வார் என்றும் தமது 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் நன்றியுடன் நினைவுகூர்கிறார். இறுதியாண்டில் சைவ உணவுக்கூடத்தின் செயலாளர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

அதே நூல் மற்றோர் உண்மையையும் மறைக்கவில்லை. பி.எஸ்ஸி. சேர்ந்தபோது வேறு படிப்புகள் உண்டென்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. பட்டம் பெற்ற பின்னரே இயற்பியல் தமக்குரிய துறையன்று என உணர்ந்தார். பொறியியல் படிக்கத் தமக்கையின் நகைகள் அடகுக்குச் சென்றன. அன்பு மட்டும் போதாது, தக்க நேரத்தில் வழிகாட்டுதலும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1978-ன் திருப்பம்

1964–66-ல் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. 1978-ல் தூய வளனார் கல்லூரியும், சென்னை இலயோலா, கிறித்தவக் கல்லூரிகளும், மதுரை அமெரிக்கன் கல்லூரியும் தன்னாட்சி பெற்றன. கற்பிப்பவரே மதிப்பிடும் உரிமையும் அதனுடன் வந்தது. பருவத்தின் இடையிலேயே தேர்வும் கட்டுரையும் இருப்பதால், பின்தங்கும் மாணவனை ஆண்டிறுதிவரை காத்திராமல் அடையாளம் காணலாம். ஆனால் ஆசிரியரின் விருப்பு வெறுப்பும் மதிப்பெண்ணில் கலந்துவிடக் கூடும். கண்டுகொண்ட குறையைக் களையாமல் பதிவேட்டில் மட்டும் குறித்து வைத்தால், அகமதிப்பீடு மாணவனுக்கு இன்னொரு சுமையே ஆகும்.

1994-ல் நிறுவப்பட்ட 'நாக்' குழு கல்லூரிகளையே மதிப்பிட்டுத் தரம் வழங்குகிறது. கல்லூரியின் தரம் உயர்வது மகிழ்ச்சியே. அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளை இடைநிற்காமல் கரையேறினானா என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

நம் பங்கின் கடன்

நம் பிள்ளைகள் அனைவரும் கத்தோலிக்கக் கல்லூரிகளில் பயில்வதில்லை. இதனை உணர்ந்தே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையில், பிற பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் மாணவரையும் மேய்ப்பர்கள் பேணவேண்டும் என்றும், திறமையிருந்தும் வசதியற்றோர்க்குக் கல்வி வாயில் திறக்கவேண்டும் என்றும் வலியுறுத்திற்று.

எனவே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னரே, நம்மிடையே உள்ள பட்டதாரிகள் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்புகளை விளக்கலாம். முதற்பருவம் முடிந்து வருவோரைப் பங்குத் தந்தையும் நாமும் ஒருவர் ஒருவராகச் சந்தித்துக் கேட்கலாம். தோற்றுத் திரும்பிய பிள்ளை கோவிலுக்கு வர வெட்கப்படுமானால், அந்தத் தோல்வியில் நமக்கும் பங்குண்டு.

தாலந்து உவமையில் தலைவர் அவரவர் திறமைக்கேற்பக் கொடுத்தார். ஐந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றே. அந்த அளவுகோலே நம் இல்லங்களிலும் நிலைபெற, இந்த யூபிலி ஆண்டில் இறைவன் நமக்கு அருள்வாராக!