எட்டுக் கட்டைகள்

கிண்டர்கார்ட்டன் என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். ஜெர்மன் மொழியில் அது ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும். பாலர் பள்ளிக்கு அப்பெயரை 1840ஆம் ஆண்டில் சூட்டியவர் பிரீட்ரிக் பிரோபெல் என்னும் ஜெர்மானிய ஆசிரியர்.

அவர் சிறுவர் கையில் ஏட்டைக் கொடுக்கவில்லை. விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்தார். அவற்றைப் ‘பரிசுகள்’ என்றே வழங்கினார். மூன்றாம் பரிசைப் பற்றி மட்டும் இன்று கூற விரும்புகிறேன். அது இரண்டு அங்குலப் பக்கமுள்ள மரக் கனசதுரம். எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும். அதற்கு இரண்டு விதிகள் உண்டு. எந்தக் கட்டையும் பயனின்றி ஒதுங்கிக் கிடக்கலாகாது. ஓர் உருவத்தை இடித்துத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தொடங்கலாகாது. கட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தியே அடுத்த உருவத்தை அடைதல் வேண்டும்.

எட்டையும் சதுரமாகச் சுற்றி வைத்து நடுவை வெறுமையாக விட்டால் கிணறு. நான்கின்மேல் நான்காக ஏற்றினால் சுவர். கிணற்றைச் சுவராக்க எந்தக் கட்டையை முதலில் எடுப்பது? ஐந்து வயதுக் குழந்தை நெற்றியைச் சுருக்கி இதனை எண்ணுவதை என் பள்ளியில் பன்முறை கண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பலவாறு காணும் பழக்கம் அங்கே வேர்கொள்கிறது. சொற்பொழிவால் அதைப் புகட்ட இயலாது.

இவ்விளையாட்டுப் பள்ளிகளுக்கு 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு தடை விதித்தது! பிரோபெலின் உடன்பிறந்தார் மகன் கார்ல் பிரோபெல் சமவுடைமைக் கருத்தினர். அவர் எழுத்தையும் இவர் பணியையும் அதிகாரிகள் ஒன்றெனக் கொண்டு, நாத்திகப் பழி சுமத்தினர். அவர் வேறு, தாம் வேறு என்று முதியவர் எடுத்துரைத்தும் பயனில்லை. மறு ஆண்டு ஜூனில் அவர் மறைந்தார். தடை நீங்கியது 1860இல்.

ஆயினும் தடையினும் பெரிய தீங்கு, என் கருத்தில், அன்பர்களாலேயே நேர்ந்தது. அமெரிக்கப் பாலர் பள்ளிகள் பலவற்றில், இக்கட்டையை இங்கே வை, அதனை மேலே ஏற்று என்று ஆசிரியை ஆணையிட, வகுப்பு முழுவதும் ஒரே உருவத்தை அடுக்கிற்று. (ஆய்வாளர் வருகிற நாளில் நம்மூரிலும் இத்தகைய காட்சியைக் காணலாம்.) லூயிவில் நகர ஆசிரியை ஆன்னா பிரையன் 1890இல் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். அவரிடம் பயின்ற பாட்டி ஸ்மித் ஹில் பின்னாளில் பெருங்கட்டைகளை வகுத்தார். சிறுவர் பலர் கூடித் தூக்கி, உள்ளே புகுந்து விளையாடத்தக்க வீடுகளையே அவற்றால் எழுப்பினர். எதனைக் கட்டுவது என்பதை ஆசிரியை சொல்லவில்லை.